கறுப்பு உடுத்தியவளும் அவள் தோழியும்

கோத் என்பது 1970களின் இறுதியில் இங்கிலாந்தில் பங்க் இசையிலிருந்து கிளைத்த இளைஞர் பண்பாடு. கறுப்பு உடை, வெளிறப் பூசிய முகம், கண்ணைச் சுற்றித் தடித்த மை, வெள்ளி நகை, சாவையும் தனிமையையும் பாடும் இருண்ட இசை ஆகியவை அதன் வெளி அடையாளங்கள். பௌஹாஸ் என்ற குழு 1979 ஆகஸ்டில் வெளியிட்ட ஒரு பாட்டை இதன் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். பழைய டிராகுலா நடிகர் பேலா லுகோசியின் சாவைப் பற்றிய அந்தப் பாட்டு ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீளும். 1982 ஜூலையில் லண்டனின் சோஹோ பகுதியில் பேட்கேவ் என்ற இரவு மன்றம் திறந்தபின் உடையும் ஒப்பனையும் ஒரு சீருக்கு வந்தன. பெயர் மட்டும் பழையது. ஹோரஸ் வால்போல் 1764இல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’ தொடங்கி, பாழடைந்த மாளிகையும் பேயும் வரும் ஆங்கில நாவல்களைக் கோதிக் என்றே அழைத்தார்கள்.

கோத் பெண்ணைப் பற்றி எழுதுவோர் பலர் சோகத்தில் தொடங்கிச் சோகத்திலேயே முடித்துவிடுகிறார்கள். அவர்களோடு பழகி ஆராய்ந்தவர்களின் நூல்களைப் படித்தால் வேறொன்று கண்ணில் படும். அந்தக் கறுப்பு உடை முதலில் ஆள் சேர்க்கும் கருவி. பள்ளியில் யாரோடும் ஒட்டாத ஒருத்தி தன்னைப் போன்ற இன்னொருத்தியைக் கூட்டத்தில் தூரத்திலிருந்தே கண்டுகொள்கிறாள். வாய் திறந்து பேசக் கூசுகிறவளுக்காக உடை பேசிவிடுகிறது. தமிழ் அக இலக்கணத்தில் இந்த வேலை தோழியுடையது. தலைவியால் சொல்ல முடியாததைத் தோழிதான் குறிப்பாகவும் வெளிப்படையாகவும் சொல்வாள். தலைவனிடம் பேசுவாள், செவிலியிடம் பேசுவாள், வேண்டும்போது பொய்யும் சொல்வாள். உடையைத் தோழியாக்கிக்கொண்டவள் கோத் பெண் என்று வைத்துக்கொண்டால், அவளுடைய நட்பும் காதலும் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம்வரை எப்படி நடந்தன என்பது ஓரளவு பிடிபடும். அத்தகைய உடைக்கு இடமே தராத, வடசென்னையின் காலடிப்பேட்டை போன்ற ஊரில் அதே வயதுப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் விளங்கும்.

கோத் இசையின் தொடக்கமே நட்புதான். பிற்காலக் கோத் பெண்களுக்கு முன்மாதிரியான சூஸி சூ, லண்டனின் புறநகரில் வளர்ந்த சூசன் பாலியன் என்ற பெண். 1975இல் ராக்ஸி மியூசிக் குழுவின் கச்சேரியொன்றில் ஸ்டீவன் செவெரின் அவருக்கு அறிமுகமானார். 1976 செப்டம்பர் 20 அன்று லண்டன் 100 கிளப் மேடையில் இருவரும் ஏறியபோது அவர்கள் குழுவுக்குச் சொந்தமாக ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. இன்னொரு முன்னோடிக் குழுவான தி க்யூரின் பாடகர் ராபர்ட் ஸ்மித், மேரி பூலைச் சந்தித்தது க்ராலி ஊர்ப் பள்ளியில், ஏறக்குறைய பதினான்கு வயதில். 1988இல் அவர்கள் மணந்துகொண்டார்கள். உலகத்துக்கே சோகம் பாடிய மனிதர் பள்ளிக் காதலியையே மணந்து நிம்மதியாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கோத் இசையைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு அப்படி இருக்காது.

இதற்கெல்லாம் முன்னோடியான காதல் ஒன்று கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. 1797இல், பின்னாளில் மேரி ஷெல்லி என்று அறியப்பட்ட எழுத்தாளர் பிறந்த சில நாட்களில் அவருடைய தாயும் பெண்ணுரிமைச் சிந்தனையாளருமான மேரி வொல்ஸ்டன்கிராஃப்ட் இறந்துபோனார். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் திருச்சபை வளாகத்தில் இருந்த தாயின் கல்லறைக்கு மகள் அடிக்கடி போய் உட்கார்ந்து படிப்பார். கவிஞர் ஷெல்லியை அவர் தனிமையில் சந்தித்ததும் அங்கேதான். 1814 ஜூலையில், பதினாறு வயதில், ஏற்கெனவே மணமானவரான ஷெல்லியோடு வீட்டை விட்டுப் புறப்பட்டார். 1818இல் அவர் எழுதிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வெளிவந்தது. பதின்வயதுப் பெண் ஒருத்திக்குச் சாவும் காதலும் ஒரே இடத்தில் கிடைத்த கதை இது. பின்னால் வந்த கோத் பெண்கள் இதைத் தங்கள் குடும்பக் கதைபோல நினைவில் வைத்திருப்பதில் ஆச்சரியமில்லை.

இனி காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், கம்பெனிக்குத் துணி நெய்யும் குடும்பங்களைத் திருவொற்றியூர்ப் பக்கம் குடியேற்றினார். காலெட் பேட்டை மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. துணிக்காகவே பிறந்த ஊர் என்று சொல்லலாம். ஆனால் என்ன துணி உடுத்துவது என்பதை அந்த ஊர்ப் பெண் ஒருத்தி தனக்குத் தானே முடிவு செய்வது இன்றைக்கும் அரிது. பேட்கேவ் போன்ற மன்றம் எதுவும் இங்கே இருந்ததில்லை. கறுப்புக்கும் சாவுக்கும் மட்டும் பஞ்சமில்லை.

வடசென்னையில் கறுப்பு பல வழிகளில் வந்து சேர்கிறது. துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வதை உயர் நீதிமன்றம் 2011இல் நிறுத்தும்வரை ராயபுரத்துக் கொடிகளில் காயப்போட்ட துணியில் கரித்தூள் படிந்தது. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு கறுப்பு. வயசுப் பெண்ணின் கணுக்காலில் கட்டும் கயிறு கறுப்பு. சில சமூகங்களில் வளைகாப்புக்கு உடுத்தும் மசக்கைப் புடவையும் கறுப்பு. கார்த்திகை மாதம் மாலை போட்ட ஆண்கள் கறுப்பு வேட்டியில் தெருவெல்லாம் நடப்பார்கள். அரசியலிலும் கறுப்பு உண்டு. 1945இல் பெரியார் கருஞ்சட்டைப் படையை அமைத்தார், 1946 மே மாதம் மதுரையில் அதன் மாநாடு கூடியது, 1948 மார்ச்சில் சென்னை மாகாண அரசு அந்தப் படைக்குத் தடை விதித்தது. இழிவின் அடையாளமாக அந்தச் சட்டையை அணியச் சொன்னார் பெரியார். இயக்கப் பெண்கள் கறுப்புப் புடவை உடுத்தி மேடையேறினார்கள். ஆக, கண்ணேறு கழிக்கக் கறுப்பு, விரதத்துக்குக் கறுப்பு, கொள்கைக்குக் கறுப்பு. இவற்றில் எதுவும் தனி ஒருத்தியின் ஆசைக்காக உடுத்தியது அல்ல. கல்யாண வீட்டுக்குக் கறுப்புச் சுடிதாரில் கிளம்பும் பெண்ணை அம்மா வாசலிலேயே நிறுத்தி, வேறு மாற்றிக்கொண்டு வா என்று அனுப்புவார். கறுப்பு அந்த வீட்டுக்குப் புதிதல்ல. அவளாகத் தேர்ந்தெடுத்தாள் என்பதுதான் புதிது.

சாவைப் பாடுவதிலும் இந்த நிலத்துக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கணவன் விட்டுப் போனதும் அழகிய உடல் வேண்டாம் என்று பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார், சுடுகாட்டில் ஆடும் சிவனைப் பாடியது திருவாலங்காட்டில். அது திருவள்ளூர் மாவட்டம். 2018 வரை திருவொற்றியூரும் அதே மாவட்டத்தில்தான் இருந்தது. உடம்பின் நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதி திருவொற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி வட தமிழகமெங்கும் மயானக் கொள்ளை நடக்கிறது; அங்காளம்மன் வேடமிட்டவர்கள் முகத்தில் வண்ணம் பூசி இடுகாட்டுக்கு ஊர்வலம் போவார்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் மரண கானா வடசென்னைக்கே உரிய இசை வடிவம். லண்டன் மன்றத்தில் சாவு மேடைப் பொருள். இங்கே பாடகர் முன்னால் பிணம் கிடக்கும்.

அந்தக் கானா நெடுங்காலம் ஆண்களின் இசையாக இருந்தது. ராயபுரத்தைச் சேர்ந்த இசைவாணி அதில் நுழைந்தார். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் 2017இல் உருவாக்கிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் முதல் மேடை ஏறியபோது அதிலிருந்த ஒரே பெண் குரல் அவருடையது. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அவரைக் கோத் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்வது பொருத்தமும் அல்ல. ஆனாலும் ஆண்கள் உரிமை கொண்டாடிய இருண்ட இசையொன்றில் சொந்த உடையோடும் குரலோடும் நுழைந்த வடசென்னைப் பெண் என்ற வகையில், சூஸி சூவுக்கு இந்த ஊர் வைத்திருக்கும் மிக நெருங்கிய ஒப்பு அவர்தான்.

பள்ளிப் பருவத்துக்கு வருவோம். மேற்கில் ஒரு பெண் கோத் ஆவது பெரும்பாலும் பதின்மூன்று முதல் பதினைந்து வயதுக்குள். முதலில் நகப்பூச்சு, பிறகு கண் மை, பிறகு காலணி, கடைசியில் முடிக்குக் கறுப்புச் சாயம். ஒவ்வொரு படியையும் தோழி ஒருத்தியோடு சேர்ந்துதான் ஏறுகிறார்கள். ஒருத்திக்குத் தைரியம் வர இன்னொருத்தி தேவை. பாட்டு, புத்தகம், பழைய துணிக்கடை என ஒருத்தி கண்டதை மற்றவளுக்குக் கொடுப்பதே அந்த நட்பின் அன்றாடம். 1996இல் வந்த ‘தி கிராஃப்ட்’ படம் நான்கு பள்ளிப் பெண்களின் இத்தகைய கூட்டையும் அதன் முறிவையும் கதையாக்கியது. 2022 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘வெட்னஸ்டே’ தொடரில், கறுப்பைத் தவிர எதையும் உடுத்தாத நாயகிக்கு அறைத்தோழியாக வாய்ப்பவள் வண்ணங்களை அள்ளிப் பூசிக்கொள்ளும் எனிட். காதல் கதைகள் வந்து போகின்றன. தொடரைத் தாங்குவது அந்த இருவரின் நட்புதான். நாயகியின் தலையலங்காரம் இரட்டைச் சடை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவிக்கு அதில் ஒரு புதுமையும் தெரிந்திருக்காது.

அந்த இரட்டைச் சடைதான் காலடிப்பேட்டைப் பள்ளிப் பருவத்தின் நிலை. சீருடை, மடித்துக் கட்டிய சடை, ரிப்பன், பின் குத்திய துப்பட்டா. எல்லாரும் ஒரே மாதிரி இருப்பதால் உடையைக் கொண்டு ஒருத்தி இன்னொருத்தியைக் கண்டுகொள்ள வழியில்லை. மை கொஞ்சம் தடித்தாலே டீச்சர் கைக்குட்டையால் துடைக்கச் சொல்வார். எனவே அடையாளம் சிறிய இடங்களில் ஒதுங்குகிறது: நோட்டின் கடைசிப் பக்கத்து ஓவியம், பேனாவால் உள்ளங்கையில் எழுதிய எழுத்து, கால் கயிறு, அக்காவின் போனில் ஒளித்து வைத்த பாட்டு. நட்போ நேரடியாகவே தொடங்கிவிடுகிறது. ஒரே பெஞ்ச், ஒரே டிபன் டப்பா, ஒரே ஷேர் ஆட்டோ. ‘பெஸ்டி’ என்ற சொல் இப்போது பரவலாக இருந்தாலும் பெரும்பாலும் அது ஆண் தோழனைக் குறிக்கிறது. பெண் தோழியை அழைக்க ‘டீ’ போதும். சண்டை போட்டுக்கொண்ட நாளில் மட்டும் முழுப்பெயர்.

காதல் நுழைந்ததும் தோழியின் வேலை கூடுகிறது. போன் இல்லாதவளுக்கு அவள் போன். வெளியே போக முடியாதவளுக்கு அவள் சாக்கு. விஷயம் கசிந்தால் முதலில் விசாரிக்கப்படுபவளும் அவள்தான். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய இலக்கணச் சொற்கள் இங்கே அப்படியே பொருந்துகின்றன. தெருவில் வாய்க்குள் முணுமுணுக்கும் பேச்சு அம்பல். அது பலரறிய வெளிப்பட்டால் அலர். வீட்டார் பெண்ணை வெளியே விடாமல் வைப்பது இற்செறிப்பு. தோழி துணிந்து பெரியவர்களிடம் உண்மையைச் சொல்வது அறத்தொடு நிற்றல். கடலோர ஊருக்கு இலக்கணம் கொடுத்த திணை நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். இருட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு வராதவனுக்காக வருந்தும் பெண் தமிழுக்கு மிகப் பழையவள். அவளுக்குத் தனி உடை கிடையாது, தோழி உண்டு.

இந்தப் பருவத்துக் காதலின் மேல் சட்டமும் கவிந்திருக்கிறது. 2012இன் போக்சோ சட்டம் சம்மத வயதைப் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தியது. குழந்தைகளை வன்முறையிலிருந்து காக்க வந்த சட்டம் அது. ப்ளஸ் டூ மாணவியும் அவளைவிட ஓரிரு வயது மூத்த பையனும் சேர்ந்து ஊரைவிட்டுப் போன வழக்குகளிலும் அதுவே பாய்ந்தது. 2019 ஏப்ரலில் நீதிபதி வி. பார்த்திபன், பதினாறு வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவுகளைப் பொறுத்துச் சட்டத்தைத் திருத்துவதுபற்றி ஆலோசிக்கலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பில் எழுதினார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய வழக்கொன்றை ரத்து செய்தபோது, காதலிக்கும் பதின்வயதினரைக் குற்றவாளிகளாக்குவது அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றார். வயது வரம்பு இன்றும் பதினெட்டுதான். ராபர்ட் ஸ்மித்தின் பள்ளிக் காதல் கல்யாணத்தில் முடிந்தது. இங்கே அதே வயதுக் காதல் காவல் நிலையத்தில் முடியக்கூடும், பெரும்பாலும் பெண்ணின் பெற்றோர் கொடுக்கும் புகாரால்.

கோத் பள்ளிப் பருவத்தின் இருண்ட பக்கத்தைத் தவிர்க்க முடியாது. கிளாஸ்கோ பகுதியில் 1,258 இளைஞர்களைப் பதினொரு வயது முதல் பத்தொன்பது வயதுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. கோத் அடையாளத்தை மிக வலுவாகக் கொண்ட சிலரில் பாதிக்கு மேற்பட்டோர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொண்டவர்கள் என்றது அது. 2015இல் லூசி போவ்ஸும் சக ஆய்வாளர்களும் பிரிஸ்டல் வட்டாரத்தைச் சேர்ந்த 3,694 பதின்வயதினரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். பதினைந்து வயதில் தம்மைக் கோத் என்று வலுவாகச் சொன்னவர்களுக்குப் பதினெட்டு வயதில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மும்மடங்கு. செய்தித்தாள்கள் இதை உடையின் மேல் போட்டன. ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. காரணம் இன்னதென்று நிறுவ முடியாது என்றும், ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர்களும் மனம் நொந்தவர்களும் இந்தக் கூட்டத்தை நாடி வருவது ஒரு விளக்கமாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம் என்பதால் நோயை மருத்துவமனை உண்டாக்குகிறது என்று சொல்ல மாட்டோம். மறுபக்கமும் உண்டு. நொந்தவர்கள் நால்வர் ஒன்றுகூடினால் ஒருவர் வலி மற்றவருக்கும் தொற்றலாம். தோழமை எப்போதும் மருந்தாகிவிடுவதில்லை.

வெளியிலிருந்து வரும் ஆபத்துக்குப் பெயரும் தேதியும் உண்டு. 2007 ஆகஸ்ட் 11 அன்று லங்காஷயரின் பேக்கப் ஊரில், சோஃபி லங்காஸ்டர் என்ற இருபது வயதுப் பெண்ணும் அவருடைய காதலரும் இரவில் பூங்கா வழியாக வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கோத் உடையில் இருந்தார்கள். பதின்வயதுப் பையன்கள் கூட்டமாகக் காதலரை அடித்து வீழ்த்தினார்கள். சோஃபி அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். பிறகு அவரையும் அடித்தார்கள். காதலர் பிழைத்தார். சோஃபி ஆகஸ்ட் 24 அன்று இறந்தார். கொலைக்காக இருவர் 2008இல் ஆயுள் தண்டனை பெற்றனர். தாய் சில்வியா லங்காஸ்டர் மகள் பெயரில் அறக்கட்டளை தொடங்கிப் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசினார். 2013 ஏப்ரலில் மான்செஸ்டர் பெருநகரக் காவல்துறை, மாற்றுப் பண்பாட்டினர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. பள்ளி முடித்துக் கல்லூரியை நோக்கி நின்ற ஒரு கோத் பெண்ணின் காதலைப் பற்றி உலகம் அறிந்த உண்மைக் கதை இதுதான். இதில் சோகம் உடையில் இல்லை.

பல்கலைக்கழகம் கோத் பெண்ணுக்கு இன்னொரு பிறப்பு. பால் ஹாட்கின்சன், தாமும் ஒரு கோத்தாக இருந்துகொண்டே இங்கிலாந்துக் கோத் கூட்டங்களை ஆராய்ந்து 2002இல் நூலாக்கினார். ஊரில் தனியாளாக இருந்தவர்கள் பெருநகரப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் விரைவில் கூட்டம் சேர்த்துவிடுவதை அதில் காணலாம். மன்ற இரவு, கடை, ரசிகர்களின் சிற்றிதழ், வருடத்துக்கு இருமுறை விட்பி என்ற கடற்கரை ஊரில் கூடும் விழா எல்லாம் சேர்ந்து அந்த நட்பைத் தாங்கின. விட்பி விழா 1994இல் தொடங்கியது. டிராகுலா நாவலில் அவன் கரையேறும் ஊர் அது.

காதலைப் பொறுத்தவரை மிக நுட்பமான ஆய்வு அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆமி வில்கின்ஸ் 2004இல் வெளியிட்ட கட்டுரை, வடகிழக்கு அமெரிக்கப் பல்கலைக்கழக ஊர் ஒன்றின் கோத் பெண்களைப் பற்றியது. மன்றத்தில் யாரும் அனுமதியின்றித் தொடக் கூடாது. பெண் தானே முன்வந்து காதலைச் சொல்லலாம். பெண்ணைப் பெண் விரும்பலாம். ஒருவருக்கு மேற்பட்டவரோடு வெளிப்படையாக உறவு வைக்கலாம். இந்தச் சுதந்திரத்தை அந்தப் பெண்கள் உண்மையாகவே அனுபவித்தார்கள் என்கிறார் வில்கின்ஸ். ஆனால் உறவு நிலைபெற்றதும் யார் விட்டுக்கொடுக்க வேண்டும், யார் மனத்தை யார் தேற்ற வேண்டும் என்ற பழைய கணக்கு திரும்பிவிடுகிறது. உறவுகள் பலவாக இருந்ததால் ஆண்களுக்கே லாபம் அதிகம். ஜெர்மானிய ஆய்வாளர் டுன்யா பிரில் 2008இல் இன்னொரு கோணத்தைக் காட்டினார். மை தீட்டிப் பாவாடை அணியும் ஆண் கோத்துக்குத் துணிச்சல்காரன் என்று மதிப்பு கூடுகிறது. பெண்ணோ கச்சையும் சரிகையுமாக மேலும் பெண்மையோடு இருக்க வேண்டும். ஆண்போல உடுத்தும் பெண்ணுக்கு அதே மதிப்பு இல்லை. எல்லைகளை உடைப்பதாகச் சொல்லிக்கொண்ட கூட்டத்திலும் உடையின் சலுகை ஆணுக்கே போனது.

காலடிப்பேட்டைப் பெண்ணுக்குக் கல்லூரி என்றால் முதலில் பயணம். வடசென்னையின் முதன்மையான அரசு மகளிர் கல்லூரி, பிராட்வே பகுதியில் 1964இல் தொடங்கிய பாரதி மகளிர் கல்லூரி. 2021 பிப்ரவரி 14 அன்று காலடிப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது. அதே ஆண்டு மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீங்கியது. 2022 செப்டம்பர் 5 அன்று, அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்த இடமும் பாரதி மகளிர் கல்லூரிதான். அரசு இவற்றைப் படிப்புக்காகக் கொடுத்தது. விளைவு நட்பிலும் தெரிகிறது. தோழியைப் பார்க்கப் போக அப்பாவிடம் காசு கேட்க வேண்டியதில்லை. தன் கணக்கில் விழுந்த பணத்தில் தனக்குப் பிடித்த ஒரு கறுப்பு டாப்ஸ் வாங்கலாம்.

டாப்ஸ் வாங்கலாம், கல்லூரிக்கு உடுத்திப் போவது வேறு விஷயம். 2005இல் அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளில் ஜீன்ஸுக்கும் இறுக்கமான டி-சட்டைக்கும் தடை போட்டது பெரும் விவாதமாயிற்று. துப்பட்டா இல்லாவிட்டால் வாசலில் நிறுத்தும் கல்லூரிகள் இன்றும் உண்டு. நட்பைத் தெருவில் காட்டும் உரிமையும் ஆண்களுக்கே கிடைத்திருக்கிறது. பேருந்துத் தடத்தின் பெயரால் கூடி, கூரைமேல் ஏறிப் பாடி, ‘ரூட்டு தல’ என்று தலைவனும் வைத்துக்கொள்ளும் மாணவர் கூட்டங்களைச் சென்னை நன்றாக அறியும். அதற்கு ஈடான பெண் கூட்டம் எதுவும் கிடையாது. பெண்களின் ‘செட்’ மெட்ரோப் பெட்டியின் ஓரத்திலும் கேன்டீன் மூலையிலும் கடற்கரைச் சுவரிலும் உட்கார்ந்து பேசுவதோடு நின்றுகொள்கிறது. கவனத்தைக் கவராமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. கவனத்தைக் கவர்ந்து துணை தேடும் கோத் முறைக்கு இது நேர் எதிர்.

நட்புக்கும் காதலுக்கும் இடையிலுள்ள கோடு இந்த வயதில் எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. இரண்டு பெண்கள் கைகோத்து நடந்தால் இந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆணும் பெண்ணும் நடந்தால்தான் பார்ப்பார்கள். அந்த மறைவில் சில காதல்கள் நட்பின் பெயரில் வாழ்கின்றன. வெளிப்பட்டால் நிலைமை மாறுகிறது. மதுரையைச் சேர்ந்த, இருபதும் இருபத்திரண்டும் வயதான இரு பெண்கள் வீட்டாரின் எதிர்ப்புக்குத் தப்பிச் சென்னை வந்து நீதிமன்றத்தை நாடிய வழக்கில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு பிறப்பித்தார். பாலின ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தது அது. இத்தகைய உறவை விளங்கிக்கொள்ளத் தாமே ஓர் உளவியல் ஆலோசகரிடம் போய் உட்கார்ந்ததையும் நீதிபதி மறைக்கவில்லை. கோத் மன்றங்கள் இப்படிப்பட்ட பெண்களுக்குக் கொடுத்த இடத்தைத் தமிழ்நாட்டில் ஒரு நீதிமன்றம் கொடுக்க வேண்டியிருந்தது.

பட்டம் வாங்கியபின் என்ன ஆகிறது? வயதான கோத்களைப் பற்றி ஹாட்கின்சன் 2011இல் எழுதியபோது, பலர் வேலைக்கும் குழந்தைகளுக்கும் ஏற்ப உடையைக் குறைத்துக்கொண்டும் அதே நண்பர்களோடு ஆண்டுதோறும் விழாவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். முடியின் சாயம் போனபின்னும் தோழமை இருந்தது. காலடிப்பேட்டைப் பெண்ணுக்கு அந்தத் தொடர்ச்சி கடினம். கல்யாணம் ஒருத்தியை ஆவடிக்கும் இன்னொருத்தியைக் கும்மிடிப்பூண்டிக்கும் கொண்டுபோய்விடும். தோழி வீட்டுக்குப் போய்வர இப்போது இரண்டு வீடுகளின் அனுமதி வேண்டும். நட்பைக் காப்பாற்றும் நிறுவனம் என்று ஒன்று, விட்பி விழாபோல, இங்கே இல்லை. காதலைவிட இந்த இழப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

திருவொற்றியூரின் பழைய காதல் கதையிலும் தோழி இருக்கிறாள். ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார், கல்யாணம் வேண்டாம் என்று பெற்றோரிடம் மறுத்து, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிக் கோயிலுக்குப் பூத்தொடுத்து வந்தார். ஏற்கெனவே திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர் அவரைக் கண்டு விரும்பினார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வந்தபோது, சன்னிதியில் செய்யும் சத்தியம் தன்னைக் கட்டாமலிருக்க, அந்நேரம் இறைவன் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் வந்து அதைச் சொல்லிவிட்டார். மறுநாள் சுந்தரர் சன்னிதிக்கு வந்தபோது, இங்கே வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தால் போதும் என்று சொன்னவர்கள் சங்கிலியாரின் தோழியர். சுந்தரர் மரத்தடியில் சத்தியம் செய்தார். பின்னாளில் திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியபோது கண்ணிழந்தார். ஆண்டுதோறும் மாசித் திருவிழாவில் அந்த மரத்தடியில் மகிழடி சேவை நடக்கிறது. சங்கிலியாரின் ஊர், குலம், தந்தை எல்லாம் பெரியபுராணத்தில் இருக்கின்றன. மகிழ மரத்தைக் காட்டிய தோழியரின் பெயர்களைச் சேக்கிழார் எழுதவில்லை.